அம்மன் சொன்னது

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் துணி காயாது. அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போன் போட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு இது தெரியவேண்டிய அவசியமில்லை. வருவார்கள், குளிப்பார்கள், பரோட்டாவும் கோழியும் தின்பார்கள், ஈரத் தலையோடு லாட்ஜ் மெத்தையில் விழுவார்கள். மறுநாள் விரிப்புகளை உருவிப் பின்கட்டில் போடுவதோடு லாட்ஜ்காரரின் பாடு முடிந்தது. அதைத் துவைத்துப் பிழிந்து, மாடியில் தகரத்துக்குக் கீழே கொடியில் போட்டு, காயாததைத் தேய்ப்புப் பெட்டியால் காயவைத்து, சாயங்காலத்துக்குள் அறைகளுக்குத் திருப்பவேண்டியவர்கள் வள்ளித்தாயும் ஹைருன் பீவியும்.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இருந்தது அந்த லாட்ஜ். ஹைருன் தென்காசியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வள்ளித்தாய்க்கு இலஞ்சிப் பக்கம், நடந்தே வந்துவிடுவாள். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சீசன் முடிந்தால் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். வள்ளித்தாயின் புருஷன் நல்லக்கண்ணு மெயினருவிப் பக்கம் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அந்த எண்ணெய்தான் விரிப்பில் ஒட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வரும்.

"அவரு பூசுதாரு, நீ போக்குத. நல்ல குடும்பம்ட்டி ஒங்க குடும்பம்" என்பாள் ஹைருன்.

எண்ணெய்க் கறைக்குச் சுடுதண்ணீரும் சோடாவும். சால்னாக் கறைக்கு வெயில்தான் மருந்து, சீசனில் அதற்கு வழி இல்லை. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் உப்பு. சுடுதண்ணீர் பட்டால் கறை துணியிலேயே வெந்து நின்றுவிடும். வருஷக்கணக்காக ஊரார் ரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசிய கை வள்ளித்தாயுடையது. அந்த வருஷப் பங்குனியிலிருந்து தன்னுடையதையும் அப்படித்தான் அலசிக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாது.

அவளுக்கு மாதத் தீட்டு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. நின்றபோது அவள் சந்தோஷப்பட்டாள் என்றால் யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. நல்லக்கண்ணு, தெருவின் முப்பிடாதி அம்மன் கோயிலுக்குச் சாமிகொண்டாடி. வருஷத்துக்கொரு திருவிழாவான கொடை நாளில் அம்மன் அவர் மேல்தான் வந்து இறங்குவாள். சாமி இறங்குகிற வீட்டில் தீட்டுக்காரி புழங்கக் கூடாது என்று, கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்து அவள் ஒவ்வொரு மாதமும் ஆட்டுத் தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் சாக்கு விரித்துப் படுத்தவள். மழையென்றும் பனியென்றும் பார்த்ததில்லை. அவளுக்குச் சோறு தூரத்திலிருந்து தள்ளி வைக்கப்படும். அது நின்ற மறுவருஷமே, முளைப்பாரி வளர்க்கிற பொறுப்பைக் கோயில்காரர்கள் அவளிடம் கொடுத்தார்கள்.

முளைப்பாரியை எல்லோரும் போட முடியாது. தீட்டு நின்ற சுமங்கலிதான் போடவேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். கொடைக்கு முந்தின வாரம் விதை ஊறப்போட்டு, மண்சட்டியில் வைக்கோலும் சாணப்பொடியும் நிரப்பித் தெளித்து, வெளிச்சம் படாத அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அந்த ஒருத்தியைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. பாரி ஓங்கி வளர்ந்தால் ஊருக்கு மழை, விளைச்சல். குட்டையாய் நின்றாலோ அழுகினாலோ, வளர்த்தவளின் சுத்தத்தில்தான் குறை. தெருவே ஒரு சாவியை அவள் இடுப்பில் சொருகிவிட்டுக் காத்திருக்கும். சாய்ப்பில் கிடந்தவளுக்கு அந்தச் சாவி என்னவாக இருந்திருக்கும் என்று நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா.

பங்குனியில் முதல்முறை சேலையில் பட்டபோது சூடு என்று நினைத்தாள். நல்லக்கண்ணுவிடம் பட்டும்படாமல்தான் சொன்னாள்.

"ஏங்க, ஒடம்பு ஒரே சூடாக் கெடக்கு. நீர்க்கடுப்பு மாதிரி இருக்கு."

"பொழுதன்னைக்கும் அடுப்புல வெந்நியப் போட்டுக்கிட்டு நின்னா இருக்காதா. உக்காரு இங்கன." உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தட்டினார். ஊரெல்லாம் தேய்த்த கைக்குப் பெண்டாட்டி தலை எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்ததுபோல, வெகுநேரம் தேய்த்தார். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். இடுப்பு வலிக்கிறது என்றதும் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டச் சொல்லி, தானே மேலே எண்ணெய் ஊற்றினார். பிரியத்துக்குக் குறைவில்லாத மனுஷன்தான். எந்த இடத்தில் நோவு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, சொல்ல அவளுக்கும் வரவில்லை.

சித்திரையில் நர்ஸ் ஜெயபிரியா பிரஷர் பார்க்கத் தெருவுக்கு வந்தாள். வீடு வீடாக ஏறி இறங்கி, முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் மருந்து தடவிப் பார்க்கிறோம், வலிக்காது, சுகாதார நிலையத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள். போன வருஷமும் கூப்பிட்டவள்தான்.

"பெரியம்மா, நீங்களும் வாங்க."

"எனக்கு எதுக்குத் தாயி. கடைய அடச்சு நாலு வருசமாச்சு. அடச்ச கடையில போயி என்னத்தப் பாக்கப்போற" என்றாள் வள்ளித்தாய். கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள், ஜெயபிரியாவும் சிரித்துவிட்டாள். அப்போதும் வள்ளித்தாய் உள்ளே மடித்த துணியைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். சொன்னால் தீட்டு திரும்பிவிட்டது என்றாகும். தீட்டு திரும்பினால் சாவி போகும், சாய்ப்பு திரும்பி வரும். அவள் பயந்ததெல்லாம் அதற்குத்தான். சாவுக்குப் பயப்படவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆனி கடைசியில் அது ஹைருனுக்குத் தெரிந்தது. அன்று நல்ல சாரல். பின்கட்டில் விரிப்புகள் குவிந்து கிடந்தன. பிழிவதற்காக ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்கும்போது வள்ளித்தாய் பிடியை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தபோது துவைகல்லில் சிவப்பாக இருந்தது. மழைத் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது.

"ஏட்டி வள்ளி, என்னட்டி இது?"

"ஒண்ணுமில்லக்கா. கறத் துணிய மேல வச்சிருந்தேன்."

"எங்கிட்டயா சொல்லுத. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு வாரமா ஒம்மேல ஒரு வாடை. அத்தர் தாரேன், பூசிக்கோன்னு சொல்லலாமான்னு நெனச்சேன், நீ என்னமும் நெனச்சுக்கிடுவியோன்னு விட்டேன். எத்தன நாளா வருது?"

வள்ளித்தாய் விரிப்பை எடுத்து உதறினாள். பிறகு, மாடிக்கு ஏறிக் கொடி கட்டும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "திரும்ப வந்துட்டுக்கா. இந்த வயசுல. யாருகிட்ட சொல்ல."

"எது வந்துட்டு?"

"தீட்டுதான்."

ஹைருன் கையிலிருந்ததைக் கீழே போட்டாள். "தீட்டாவது ஒண்ணாவது. மாசாமாசம் வந்து நாலு நாளுல நிக்குதா?"

"இல்ல. வருது, நிக்குது, வருது. நடந்தா வருது. தண்ணி மாதிரியும் போவுது."

"அப்பொ அது தீட்டு இல்லட்டி. எங்க மார்க்கத்துல ரெண்டையும் ஒண்ணாச் சேக்கமாட்டாவ. மாசத்துக்கு வாரது வேற, அதுல தொழுவக் கூடாது. நோவுல வாரது வேற. அது புண்ணுல வார ரத்தம் மாதிரி. கழுவிட்டு, கை கால் மொகம் அலம்பி ஒளுச் செஞ்சு தாராளமாத் தொழுவலாம்னு ஓதிக்குடுக்க வந்த ஆலிமா சொன்னா. ஒனக்கு வாரது நோவு. தீட்டே கெடையாது."

வள்ளித்தாய் கொடியைப் பிடித்தபடி நின்றாள். "தீட்டே கெடையாதா?"

"கெடையாது. அதனாலதான் சொல்லுதேன், ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கே போ. நான் வேணும்னா கூட வாரேன்."

"கெடையாதுன்னு அந்த ஆலிமா நெசமாவே சொன்னாவளா?"

"ஏட்டி, நான் என்ன சொல்லுதேன், நீ என்ன கேக்க?"

"போவேன்க்கா. கொடை கழியட்டும், போவேன்."

மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் அவளுக்கு அன்றைக்கு இறங்கிவிட்டது. ஹைருன் சொன்னதில் பாதியை அவள் மடியில் முடிந்துகொண்டாள். மறுபாதி அந்த மாடியிலேயே கிடந்தது. அம்மன் கோயில் பாரிக்குப் பள்ளிவாசல் சட்டத்தைக் கொண்டுவந்து ஒத்துப்பார்த்துச் சரியென்று எடுத்துக்கொண்டது அந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். நினைத்தால் சிரிப்பு வருகிறது, உடனே வயிற்றெரிச்சலும் வருகிறது.

ஆடி பிறந்து கொடைக்கு நாள் குறித்தார்கள். பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, சோளம் எல்லாம் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. வள்ளித்தாய் தலைக்குக் குளித்து, சுத்தமான துணி வைத்துக் கட்டிக்கொண்டு விதை தெளித்தாள். கோயிலை ஒட்டிய அறை, ஜன்னலெல்லாம் சாக்கு. காலையிலும் சாயங்காலமும் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துகொள்வாள். வாடை தெரியாமலிருக்கச் சாம்பிராணி போட்டாள். வெளியே தெருப் பெண்கள் கும்மி அடித்துப் பாடுவார்கள். உள்ளே அவள் இடுப்பு கழன்றுபோகிற வலியோடு, இருட்டில் வெள்ளையாக முண்டியெழும் முளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் பாரி வளர்ந்ததுபோல் ஒரு வருஷமும் வளரவில்லை. மூன்றாம் நாளே சட்டியை மறைத்தது. கொடைக்கு முந்தின நாள் முழங்கால் உயரம். சட்டிக்குச் சட்டி ஒரே அளவு, ஒரு முளை அழுகவில்லை. பார்த்து வள்ளித்தாய் அழுதாள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் அவளுக்கு.

மகள் மஞ்சு வீரகேரளம்புதூரிலிருந்து அன்றைக்குத்தான் வந்தாள். அவள் புருஷன் போலீசில் இருந்தான். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அம்மா அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"எம்மா, இது என்ன. ஒனக்கு நின்னுட்டுன்னுல்லா சொன்னே."

"சத்தம் போடாத. இது தீட்டு இல்ல, நோவு."

"நோவுன்னு தெரிஞ்சுமா அலசிக்கிட்டு இருக்க? கெளம்பு, இப்பமே போவோம்."

"நாளைக்குப் பாரி எடுக்கணும்ட்டி. நான் எடுக்கலன்னா யாரு எடுப்பா. ஊரே என்னன்னு கேக்கும். ஒங்கப்பா தல நிமிர முடியாது."

"இப்படி மெலிஞ்சிருக்கியேம்மா. அப்பாவுக்குத் தெரியுமா?"

"காப்புக் கட்டியிருக்காரு. விரதத்துல கெடக்க மனுசன்கிட்டப் போயி இதச் சொல்லவா. கழியட்டும். ஒம்மேல சத்தியமா வாரேன்."

கொடையன்று மத்தியானம் மேளம் உச்சத்தில் இருந்தபோது நல்லக்கண்ணு மேல் அம்மன் இறங்கினாள். சிவப்புப் பட்டும் வேப்பங்குலையுமாக அவர் ஆடினார். முளைப்பாரிச் சட்டிகளைப் பெண்கள் வரிசையாகத் தூக்கிவந்து இறக்கினார்கள். கண்டவர்கள் எல்லாம் வள்ளித்தாயை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வாக்குக் கேட்கிறவர்கள் முன்னால் வந்தார்கள். மழை, கல்யாணம், துபாய் விசா என்று ஆளுக்கொரு கேள்வி. கடைசியாக, ஒருநாளும் இல்லாத வழக்கமாக, வள்ளித்தாய் போய்த் தன் புருஷன் முன்னால் கைகூப்பி நின்றாள். மஞ்சு கூடவே ஓடினாள்.

"தாயே, ஒடம்புக்கு முடியல. பயமா இருக்கு" என்றாள் வள்ளித்தாய்.

அவர் கண்ணில் அவளைத் தெரிந்துகொண்ட குறியே இல்லை. குனிந்து, மேளச் சத்தத்தில் அவளுக்கும் பக்கத்தில் நின்ற மகளுக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார். "எம் பாரிய வளத்தவ நீ. ஒனக்கு ஒரு கொறையும் வராது மக்கா. நான் காவலா நிக்கேன்." நெற்றியில் திருநீற்றைப் பூசி, வயிற்றிலும் ஒரு பிடி எறிந்தார்.

அதற்குப் பிறகு மஞ்சு எவ்வளவு கூப்பிட்டும் அவள் அசையவில்லை. அம்மனே சொல்லியாகிவிட்டது என்றாள். மஞ்சுவின் வாயும் அதற்குமேல் திறக்கவில்லை. படித்த பெண்தான், ஆனால் அதே அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள். ஊருக்குப் போய்விட்டாள்.

ஆவணியில், சீசன் கூட்டம் வடிந்த ஒரு காலையில், வள்ளித்தாய் துவைகல் பக்கத்திலேயே விழுந்தாள். ஹைருன்தான் ஆட்டோ பிடித்துத் தென்காசி பெரியாஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தாள். ரத்தம் ஏற்றினார்கள். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று நல்லக்கண்ணுவும் மஞ்சுவும் இருந்தார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். கவிழ்த்த பேரிக்காய்போல ஒன்று, இரண்டு பக்கமும் குழாய்கள், குழாய் நுனியில் சினைப்பைகள். கீழே குறுகுகிற இடத்தில் பேனாவை வைத்தாள்.

"இது கர்ப்பப்பையோட வாய். புத்துநோய் இங்கதான் ஆரம்பிச்சிருக்கு."

"அதுக்கு வாய் உண்டா?" என்றாள் வள்ளித்தாய். மூன்று பெற்று ஒன்றைக் காப்பாற்றியவள்.

"உண்டும்மா. குழந்தை இது வழியாத்தான் வெளிய வரும். மாதவிடாய் நின்னபிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் உடனே காட்டணும். நின்னுபோனா உள்ள இருக்கறது செத்துப்போயிட்டதா அர்த்தம் இல்ல."

"ஆபரேசன் பண்ணி எடுத்திரலாம்லா?" என்று கேட்டார் நல்லக்கண்ணு.

"அந்தக் கட்டம் தாண்டிடுச்சுங்க. பக்கத்துச் சுவர் வரைக்கும் பரவி, ஒரு கிட்னிக்குப் போற குழாயையும் அடைச்சிருக்கு. திருநெல்வேலிக்கு எழுதித் தாரேன். கதிர்வீச்சுக் கரண்ட் வைப்பாங்க, கூட மருந்து ஏத்துவாங்க."

"அதுல சரியாயிருமா?"

டாக்டரம்மா படத்தை மடித்தாள். "சிலருக்குக் கேக்கும். இவங்களுக்கு ரத்தப்போக்கு நிக்கும், வலி குறையும். அதுக்குமேல நான் இப்ப சொல்ல முடியாது."

"பங்குனியிலயே வந்திருந்தா?" மஞ்சு கேட்டாள்.

"அப்பவும் இருந்திருக்கும். ஆனா இந்த அளவுக்கு இருந்திருக்காது."

வெளியே பெஞ்சில் ஹைருன் உட்கார்ந்திருந்தாள். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நோவுன்னு நான்தான சொன்னேன் வள்ளி. ஆஸ்பத்திரிக்குப் போன்னும் சொன்னேன்லா."

"சொன்னியக்கா. எனக்கு வேண்டியதத்தான் நான் கேட்டுக்கிட்டேன்."

திருநெல்வேலியில் கரண்ட் வைத்தார்கள். தினமும் பஸ். ஆலங்குளம் தாண்டி, காற்றாலைகளைப் பார்த்தபடி போய் வந்தாள். வயிறு எரிந்தது, கஞ்சி தங்கவில்லை. முட்டைக் கண்ணும் எலும்புமாக ஆனாள். நல்லக்கண்ணு எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கி வைத்துவிட்டுக் கூடவே இருந்தார். அதே தெருக்காரர் சுடலையாண்டி ஒருநாள் வாய்விட்டுவிட்டார், கொடையில் உம்ம வீட்டம்மா உம்ம முன்னால வந்து வாக்குக் கேட்டாளே என்று. நல்லக்கண்ணுவுக்கு அது புதுச் செய்தி. அம்மன் இறங்கி ஏறிய நேரத்தில் நடந்தது எதுவும் அவர் நினைவில் நிற்பதில்லை.

அன்று சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மஞ்சு கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வள்ளி. கொடையில நீ வந்து நின்னியாமே. அம்மன் என்ன சொன்னா?"

அவர் கை அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தது. வள்ளித்தாய் அந்தக் கையைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கு அவள் போனபிறகு மிஞ்சப்போவது அந்த அம்மன் ஒருத்திதான்.

"சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போ மக்கா, தள்ளிப்போடாதன்னு சொன்னா. நான்தான் கேக்கல."

மஞ்சு கரண்டியை வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். வள்ளித்தாய் அவளை ஒரு பார்வை பார்த்தாள். மஞ்சு மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

நல்லக்கண்ணு விம்மி அழுதார். அழுகையினூடே கோபமும் வந்தது. "அப்பமே சொல்லியிருக்காளே. எந் தாயி என் கைய விடலியே. நீ கேக்கலியேட்டி பாவி. ஒரு வார்த்த கேட்டிருந்தியன்னா இன்னைக்கு இப்படிக் கெடப்பியா."

"ஆமா. எந் தப்புதான்" என்றாள் அவள்.

மறுநாளே அது தெருவுக்குப் போய்விட்டது. அம்மனே கண்டு சொல்லியும் கேட்காதவள் என்று குழாயடியில் பேசினார்கள். கோயிலுக்கு அதனால் கூட்டம் கூடியது. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, நீ கேட்டிருக்கணும் என்று சொல்லிவிட்டே எழுந்து போனார்கள். வள்ளித்தாய் எல்லோருக்கும் தலையசைத்தாள்.

அடுத்த சாரலுக்கு முன்பே நோவு எலும்புக்கு இறங்கிவிட்டது. ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருநெல்வேலியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வைகாசிக் கடைசியில் பக்கத்து வீட்டு முத்துவடிவு வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் நின்றுபோய் வருஷம் திரும்பியிருந்தது. சாவி இப்போது அவளிடம்.

"யக்கா, ஒன்னய மாதிரி யாரும் பாரி போட்டதில்லன்னு பேசிக்கிடுதாவ. பக்குவம் சொல்லு."

"வெதைய ஒரு ராத்திரிக்கு மேல ஊறவைக்காத. தண்ணிய ஊத்தாத, தெளி. வெளிச்சம் ஒரு பொட்டு உள்ள வரக் கூடாது." மூச்சு வாங்கியது. முத்துவடிவின் கையைப் பிடித்தாள். "ஏட்டி, இன்னொண்ணு. ஒனக்கு நின்னபொறவு ஒரு சொட்டுப் பட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. பாரி இருந்தாலும் போ, கொடை இருந்தாலும் போ. அம்மன்கிட்டப் போயி கேட்டுக்கிட்டு நிக்காத."

"அம்மனும் ஒனக்கு அதத்தானக்கா சொன்னா."

வள்ளித்தாய் கையை விட்டாள்.

"ஆமா. அதத்தான் சொன்னா."

முத்துவடிவு தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, மொச்சையை மட்டும் தனியாக ஊறப்போட வேண்டுமா என்று கேட்டாள்.